தொண்ணூறு பாகை வெந்நீர்

சினத்தில் எழுதுவது எளிதில் மிகையாகிவிடும். ஆகவே நானே கண்டவற்றையும், மனைவியிடம் கேட்டு உறுதிப்படுத்தியவற்றையும் மட்டுமே தருகிறேன்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு மாரியில், நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், புருசெத் என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டின் முன்கதவுச் சலவை இயந்திரம், படுக்கை விரிப்புகளைத் தொண்ணூறு பாகையில் துவைக்கையில் நின்றுவிட்டது. தண்ணீர் வெளியேறவில்லை. இயந்திரத்தை விற்ற நிறுவனத்தை அழைக்காமல் அக்காவின் கணவரை அழைத்தேன். அவர் கட்டாரில் மேல்மூடி இயந்திரங்களைத் திருத்தியவர்.

வந்ததும் குளியலறையில் குந்தி, இயந்திரத்தின் அடியில் இருந்த வடிகட்டியின் மூடியைப் பிடித்தார்.

"அண்ணை, உள்ளுக்கை தண்ணி கொதிக்குது. ஆறட்டும்," என்றாள் அருகே நின்ற மனைவி.

"நான் பாக்காத மிசினோ, தங்கச்சி? நீங்கள் போய்த் தேத்தண்ணியைப் போடுங்கோ."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அத்தானுக்குத் தெரியும், நீர் சும்மா இரும்," என்றேன். அவள் சொன்னதே சரி என்று அறிந்திருந்தும், அத்தானை மறுத்துக் கதைக்க எனக்கு வாய் வரவில்லை.

மேல்மூடி இயந்திரமென்றால் மூடியைத் திறந்து நீரை அள்ளிவிடலாம். முன்கதவு இயந்திரத்திலோ வடிகட்டியைத் திறந்தால் அவ்வளவு நீரும் அவ்வழியே பாயும். அத்தான் திறந்தார்; பாய்ந்தது. அவர் துள்ளி விலகினார். போகாமல் அங்கேயே நின்ற மனைவியின் வலப்பாதம் வெந்தது.

"மேலாலை திறக்கிற மிசின் வாங்கியிருந்தால் இப்பிடி வந்திராது," என்றார் அத்தான். அன்று மூண்ட கோபம் இன்னும் தணியவில்லை. அதில் பெரும்பங்கு என்மீதே.

இப்போதெல்லாம் மின்செருகியைக் கழற்றி, கதவுக் கண்ணாடி கைக்குக் குளிரும்வரை, எவராயினும் இயந்திரத்தைத் தொட விடுவதில்லை. மனைவி ஒன்று சொன்னால் அதைக் கேட்ட பின்பே மற்றவரைக் கேட்கிறேன்.

அவளுடைய பாதம் இன்னும் மரத்தே இருக்கிறது; உணர்ச்சி முழுதாகத் திரும்புமா என்பது தெரியாது. மருத்துவரும் தமக்குத் தெரியாது என்றே சொன்னார்.