கேட்காமல் எடுத்த படம்

திண்டுக்கல்லில் ஏறி, ரயிலில் படுத்தும் படுக்காமலும் வந்து நிஜாமுதீனில் இறங்கியபோது எனக்கு டெல்லியைப் பார்க்கும் ஆசையே போய்விட்டிருந்தது. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்றது. கூட்டிப் போக என் மகள் ஸ்டெல்லா வந்திருந்தாள். அவள் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மயூர் விஹாரில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறாள். அடுத்த நாலு நாளும் நான் பார்த்த டெல்லி, அந்த வீட்டு பால்கனியும் எதிர் பால்கனியில் வெயிலுக்குப் போட்ட ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையும்தான். ஸ்டெல்லாவுக்கு நைட் டூட்டி. காலையில் வருவாள், இரண்டு வாய் சாப்பிடுவாள், போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டூட்டி முடிந்து வந்தவள், "கிளம்பும்மா, ஊர் சுத்தப் போவோம்" என்றாள்.

"தூங்குடி. நான் ஊரு பாக்கவா வந்தேன்?"

"டெல்லில என்னத்தப் பாத்தேன்னு அங்க கேட்டா பால்கனியவா சொல்லுவ?"

ஆட்டோக்காரர் இருநூற்று ஐம்பது கேட்டார். ஸ்டெல்லா 'பையா, பையா' என்று அண்ணன் முறை சொல்லிக் கொஞ்சிக்கொண்டே சண்டை போட்டு இருநூறுக்குக் கொண்டு வந்தாள். யமுனைப் பாலத்தில் தண்ணீர் தெரிவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. ஸ்டெல்லா உட்கார்ந்தபடியே தூங்கித் தூங்கி விழித்தாள்.

பத்தரை மணிக்கு லோதி தோட்டம். உள்ளே போக டிக்கெட் கிடையாது. பழைய சுல்தான்களின் கல்லறைகள், ஒவ்வொன்றும் எங்கள் ஊர்க் கோவில் அளவுக்குப் பெரிது. சுற்றிலும் புல்வெளி. பிப்ரவரி வெயிலுக்காகச் சனங்கள் பெட்ஷீட் விரித்து, செத்த ராஜாக்களைச் சுற்றி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். "அஞ்சு நிமிஷம்மா" என்று ஸ்டெல்லா என் மடியில் தலை வைத்தாள். வாய் லேசாகத் திறந்துகொண்டது. முகத்தில் வெயில் விழாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒருவனைக் கவனித்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். பெரிய கேமரா. புல்லில் ஒரு முழங்காலை ஊன்றி எங்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், ஒருவர் இறந்தால் பெட்டியில் கிடத்திய பிறகு, குடும்பமே சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வோம். படுத்துக் கண் மூடிய படம் என்றால் அது ஒன்றுதான். தூங்குகிற பச்சைக் குழந்தையைக்கூடப் படம் எடுக்க விடமாட்டோம். இவனோ என் பிள்ளையை அப்படி எடுத்துவிட்டான். அது யார் யார் கையில் எங்கெங்கே போகுமோ.

புது ஆளிடம் பேச எனக்கு வராது. இந்தியும் தெரியாது. எழுந்தால் ஸ்டெல்லா முழித்துவிடுவாள். அதனால் சைகை காட்டினேன். ஸ்டெல்லாவைச் சுட்டினேன். பிறகு கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பெட்டிக்குள் இருப்பது போலக் காட்டினேன். கண்ணைத் திறந்தால் அவன் கட்டை விரலை உயர்த்திச் சிரித்தான். நான் ஆசையாகப் போஸ் கொடுக்கிறேன் என்று நினைத்து என்னையும் எடுத்திருந்தான்.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மடியில் ஆழ்ந்த தூக்கம். கூப்பிட்டால் அது போச்சு. கூப்பிடாவிட்டால் படம் போச்சு.

"தம்பீ" என்று கத்திவிட்டேன். ஸ்டெல்லா பதறி எழுந்தாள். "என்னம்மா? யாருக்கு என்ன?"

சொன்னேன். அவள் தலைமுடியை முடிந்துகொண்டு அவனிடம் போய்ப் பேசிவிட்டு, என் பக்கம் அழைத்து வந்தாள்.

"பொது இடத்துல எடுக்கலாம், சட்டத்துல தடை இல்லங்கிறான். விளம்பரத்துக்கு வித்தாத்தான் கேக்கணுமாம். இவன் ஏதோ போட்டிக்கு அனுப்புறானாம். ஆஸ்பத்திரில ஒரு புண்ணப் படம் எடுக்கக்கூட கையெழுத்து வாங்குறோம்னேன். அது ஆஸ்பத்திரி, இது பார்க்குங்கிறான்."

"கேட்டா சட்டம் கோவிச்சுக்குமான்னு கேளு."

அவள் இந்தியில் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான். ஏதோ பதில் சொன்னான்.

"கேட்டா எல்லாரும் மொகத்த மாத்திக்கிறாங்களாம். அப்புறம் படம் பொய்யாயிருதாம்."

"உங்க அப்பா படத்தச் சொல்லு" என்றேன்.

ஸ்டெல்லாவின் அப்பா இறந்தபோது லீவு கிடைத்து அவள் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நாங்கள் பெட்டியைச் சுற்றி நிற்கிற படத்தைப் போனில் அனுப்பினோம். அவள் அப்பாவைப் பார்த்தது அதில்தான். அதைக் கொஞ்சம் வார்த்தைகளில் இந்தியில் சொன்னாள். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை.

அவன் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "ஸாரி, மாஜி" என்று என்னை அம்மா முறை சொல்லி, கேமராவை என் பக்கம் திருப்பினான்.

படம் பெரிதாகத் தெரிந்தது. என் முந்தானை நிழலில் அவள் முகம். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து. வீடியோ காலில் பவுடர் போட்டு, லைட்டுக்கு நேராக உட்கார்ந்துதான் பேசுவாள். என் பிள்ளை இவ்வளவு களைத்துப் போயிருப்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு தடவை பார்த்தேன். மறுபடியும் காட்டச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. "எனக்கு அனுப்பச் சொல்லட்டாம்மா?"

"வேண்டாம். அழிக்கச் சொல்லு."

"என் மூஞ்சிதான?"

"மடி என்னுது."

அவள் சிரித்துவிட்டு, "டிலீட் கர் தோ, பையா" என்றாள். என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அழித்தான், நான் செத்துக் காட்டிய படத்தையும். பிறகு கேமராவைத் தொட்டு, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். இப்போது எடுக்கலாமா என்று கேட்கிறான். எனக்குக் கூச்சமாகிவிட்டது. தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். சரி என்று மூடியைப் போட்டுக்கொண்டு போனான்.

"இன்னும் கொஞ்சம் படுடி" என்றேன். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. கல்லறையைச் சுற்றிக் காட்டினாள். என் கால் வலித்தது. ஒரு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டோம்.

மறு ஞாயிறு ஊருக்குக் கிளம்பினேன். ஸ்டெல்லா பேசி வைத்த ஆட்டோவில் நான் வந்துவிட, அவள் டூட்டி முடிந்து நேராக நிஜாமுதீனுக்கு வந்தாள். வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. போனை எடுத்தவள் அதை உயர்த்தாமல் நின்றாள்.

"ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு எடுக்கட்டாம்மா?"

இதற்கு முன் அவள் கேட்டதே இல்லை. சும்மா நீட்டுவாள், எடுப்பாள்.

"எடு" என்றேன். இமைக்காமல் கண்ணை நன்றாக விழித்துக்கொண்டேன். மூன்று தடவை எடுத்தாள். பார்த்தால் மூன்றிலும் நான் பேய் மாதிரி முழிக்கிறேன், அவள் கண்தான் மூடியிருக்கிறது.

"இன்னொண்ணு எடுப்போம், இரு" என்றாள்.

"படம் போதும்" என்றேன். "வண்டி கிளம்புற வரைக்கும் நிக்காத. வீட்டுக்குப் போய்த் தூங்கு."