கண் கிளினிக்கில் கிடைத்த துணை

கண்ணில் மருந்து விட்டால் சில மணி நேரம் எதுவும் தெளிவாகத் தெரியாது, துணைக்கு ஆளோடுதான் வரவேண்டும் என்று கிளினிக்கில் போன தடவையே சொல்லிவிட்டார்கள்.

என் பிள்ளைகள் இருவரும் கொழும்பில். தனியாகத்தான் போனேன்.

பக்கத்தில் மஸ்கெலியாவிலிருந்து வந்த ஓர் அக்கா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்; சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறவர்.

"மருமக வாறேன்னுதான் சொன்னுச்சு தங்கச்சி. வந்தா அதுக்கு இன்னைக்குச் சம்பளம் இல்லையே. போன கிளினிக்குக்கும் ஆள் இல்லாமத்தான் நான் வரல."

நர்ஸ் வந்து, "கூட யாரு வந்திருக்கீங்க?" என்றார்.

அக்கா சட்டென்று என்னைக் காட்டினார். நானும் வெட்கமில்லாமல் அவரைக் காட்டினேன். இருவர் கண்ணிலும் மருந்து விழுந்தது.

பிறகு கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஒரு போர்டும் தெரியவில்லை.

"மஸ்கெலியா பஸ் எது தங்கச்சி?"

"நான் ஒங்களத்தானே அக்கா நம்பி வந்தேன்!"

அவ்வளவு சத்தமாக நான் சிரித்து வெகு நாளாகிறது.

கண்டக்டர் கூவியதைக் கேட்டு அவர் ஏறிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. எந்த ஜன்னல் என்று தெரியாமலே பஸ் முழுவதற்கும் கையசைத்தேன்.

அடுத்த கிளினிக்குக்குக் கண் தெரிகிற துணை யாராவது வாறீங்களா? பகல் சாப்பாடு என் பொறுப்பு.