திருப்புளியக்காவின் இரவல் வண்டி

தம்பி கிளம்பிப் போனது ஒரு புதன்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். வெயில் பட்டறையின் தகரக் கூரையில் ஏறி, உள்ளே இரும்பு வாசனை எழும்பும் நேரம். வாகன ஒப்புதல் அலுவலகத்திலிருந்து அவனும் அக்காவும் போட்டிருந்த விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது முந்தின நாள்தான். வெல்டிங் கண்ணாடி, இரண்டு ஜோடிக் கையுறை, நாலு சட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து, இருவரும் சேர்ந்து செய்த முதல் மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினான்.

"பாதி வண்டி என்னோடது. முன்பாதியா பின்பாதியான்னு கேக்காதேக்கா. முழுசாத்தான் ஓட்டிட்டுப் போக முடியும்."

அக்கா குறுக்கே நிற்கவில்லை. குனிந்து, கைப்பிடிக்குக் கீழே வண்டியின் கழுத்தைப் பார்த்தாள். சாய்வைக் காட்டும் அளவுத் தட்டில் முள் இருபத்தைந்தரை டிகிரியில் நின்றது. நட்டநடு. போட்டது போட்டபடி. ஆறு மாதம் ஓட்டியும் அவன் அதை ஒருமுறைகூடத் திருகிப் பார்க்கவில்லை என்று தெரிந்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"போற வழியில திருகிப் பாருடா. உனக்குச் சரியா வந்ததும் எண்ணை எழுது."

"யாருக்குக்கா தன்னோட அளவு தெரியும்? கடையில போட்டுப் பாத்து வாங்குன செருப்பையே மறுநாள் மாத்த வராங்க. நீ என்னடான்னா வண்டியையே அளந்துக்கோங்கற."

"ஓட்டினாத் தெரியும்."

"சரி சரி, எழுதுறேன்." வண்டியை உதைத்துக் கிளப்பினான். தெருமுனையில் திரும்பும்போது கையைத் தூக்கினான். திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்தில் ஒரு துறைமுகத்தில் குழாய் பற்றவைக்கும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது.

அவனுடைய அக்கா பதினெட்டு வருடம் மருத்துவமனையில் செயற்கைக் கால் செய்தவள். கொண்டையில் எந்நேரமும் ஒரு திருப்புளியைச் செருகி வைத்திருப்பாள். அதனால் நோயாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் திருப்புளியக்கா. ரொட்டிக்கடை வைத்திருந்த கணவர் மட்டும் வம்புக்கு டாக்டரம்மா என்பார்.

இந்த வண்டி விவகாரமே அவருடைய ரொட்டியிலிருந்துதான் ஆரம்பித்தது. ஒருநாள் கடைப் பையன்கள் யாரும் வராததால், மோட்டார் சைக்கிளின் பின்னால் நாலு தட்டு ரொட்டியை அடுக்கிக்கொண்டு அவளே கிளம்பினாள். பின்னால் பாரம் அழுத்த, முன்சக்கரம் லேசாகிவிட்டது. முடுக்கில் திருப்பினாள். வண்டி திரும்ப யோசித்தது. நாற்பது ரொட்டி சாக்கடையில்.

ஓடிவந்த கணவர் ரொட்டியைப் பார்ப்பதா மனைவியைப் பார்ப்பதா என்று ஒரு நொடி தடுமாறினார். அந்த ஒரு நொடியை அவள் இன்றுவரை முழுசாக மன்னிக்கவில்லை. ஆனால் அன்று அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. முழங்கை சிராய்ப்போடு தரையில் உட்கார்ந்தபடியே முன்சக்கரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என் மேல தப்பில்லைங்க. அளவு தப்பு."

"எது, ரொட்டியா?"

"வண்டிக் கழுத்து."

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எவ்வளவு சாய்ந்து நிற்கிறதோ, அதுதான் வண்டியின் குணம். நிமிர்ந்து நின்றால் சட்டென்று திரும்பும், வேகமெடுத்தால் நிலைகொள்ளாது. சாய்ந்து நின்றால் நேர்ரோட்டில் தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். முடுக்கில் மல்லுக்கட்ட வேண்டும். கம்பெனிக்காரர்கள் யாரோ ஒரு சராசரி ஆளை மனதில் வைத்து, ஒரு சாய்வை முடிவுசெய்து பற்றவைத்து விடுகிறார்கள். அந்தச் சராசரி ஆளைத் திருப்புளியக்கா பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவளிடம் வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தார்கள்.

அவள் செய்த கால்களில் பாதத்துக்கு மேலே நாலு திருகு இருக்கும். ஒன்றைத் தளர்த்தி எதிரே இருப்பதை இறுக்கினால், பாதம் ஒரு நூல் சாயும். அதையே வண்டிக் கழுத்துக்குக் கொண்டுவந்தாள். கழுத்தின் அடியில் ஒரு கீல், மேலே முன்னும் பின்னும் திருகு, பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கத் தடித்த போல்ட்டுகள். பக்கத்தில் ஒரு அளவுத் தட்டு. இருபத்து மூன்று டிகிரியிலிருந்து இருபத்தெட்டு வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். திட்டம் அவளுடையது. பற்றவைத்தது தம்பி. அவன் கை பட்ட இணைப்பு, கூட்டிப் பெருக்கிய தரை மாதிரி இருக்கும். நிரந்தர வேலையை விட்டுவிட்டு அவள் பட்டறை போட்டாள். பழைய வண்டிகளை வாங்கி, அவற்றின் பதிவுப் புத்தகத்தோடே இரண்டு மாதிரிகள் செய்தார்கள். ஓட்டத் தடையில்லை. புதிதாகச் செய்து விற்கத்தான் ஒப்புதல் வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் கழுத்துச் சாய்வுக்கு ஒரு கட்டம் இருந்தது. விரல்நகம் அளவுக் கட்டம். அவள் அதில் '23 முதல் 28 வரை' என்று நுணுக்கி எழுதினாள். 'ஒரு எண் மட்டும்' என்று திரும்பி வந்தது. தனித்தாளில் விளக்கம் எழுதி இணைத்தாள். தாளைக் காணவில்லை என்று திரும்பி வந்தது. மூன்றாவது முறை நேரிலேயே போனாள்.

ஆய்வாளர் பொறுமைசாலி. "ஏம்மா, பொறந்த தேதின்னு கேட்டா, ஒண்ணாந் தேதியிலேருந்து பத்தாந் தேதிக்குள்ளன்னு எழுதுவீங்களா?"

"பொறந்த தேதியைத் திருக முடியாது சார். இதைத் திருகலாம்."

"அதான்மா பிரச்சனையே!"

வாங்குகிறவர்களும் வரிசை கட்டி நிற்கவில்லை. முன்பதிவு பிடிக்கலாம் என்று ஒரு கண்காட்சியில் மூன்று நாள் வண்டியை நிறுத்தினார்கள். வந்தவர்கள் எல்லாம் ஆசையாகத் திருகினார்கள். திருகிவிட்டு, "இதுல எதுங்க சரி?" என்றார்கள். "உங்களுக்கு எது சரியோ அதுதான் சரி" என்றாள் திருப்புளியக்கா. அவர்கள் முகம் தொங்கிப்போகும். அடுத்த கடையில், இதுதான் சரி என்று அடித்துச் சொல்கிற ஆளிடம் போய்விடுவார்கள். தம்பி மூன்று நாளும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கிளம்பியதற்கு அந்த விண்ணப்பம் ஒரு சாக்குத்தான்.

அவன் போன வாரமே மருத்துவமனையிலிருந்து பழைய மேலாளர் கூப்பிட்டார். "நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு. வந்துடும்மா."

"வருஷக் கடைசி வரைக்கும் பொறுங்க சார். அதுக்குள்ள ஒரு வண்டி, ஒப்புதலோட, ஒருத்தர் கைக்குப் போகலைன்னா பட்டறையைப் பூட்டிட்டு வந்து உக்காந்துடறேன்."

அப்போது வருடத்தின் இரண்டாவது மாதம். கையில் இருந்தது இரண்டாவது மாதிரி ஒன்றுதான். பற்றவைக்க ஆள் இல்லை.

மறுநாளிலிருந்து அவளே பற்றவைக்கப் பழகினாள். பழைய குழாய்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவாள். ஒட்டியதைக் குறுக்கே அறுத்து உள்ளே பார்ப்பாள். தீ உள்வரை இறங்கியிருக்காது. தூக்கி எறிவாள். மீண்டும் வெட்டுவாள். முதல் மாதம் ஒட்டியதில் ஒன்றுகூடத் தேறவில்லை. இரண்டாம் மாதம் கணவர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, இதுல பிழைச்சது எத்தனை?"

"மூணு."

"போன வாரம்?"

"ஒண்ணு."

"அப்ப முன்னேற்றந்தான்." தூக்கை வைத்துவிட்டு, அறுத்த துண்டுகளை அள்ளி ஓரமாகக் குவித்துவிட்டுப் போனார். அவள் ரொட்டி விஷயத்தைப் பாதி மன்னித்தது அன்றுதான்.

வருடத்தின் ஐந்தாவது மாதம் ஒரு பார்சல்காரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கும். பின்னால் ஆளுயரத்துக்குப் பெட்டி. வாய் அதைவிடப் பெரிது.

"பஞ்சர் ஒட்டுவீங்களா?"

"ஒட்டலாம். இந்தப் பின்டயர் முடிஞ்சுபோச்சும்மா, வேற வரணும். அதுவரைக்கும் அதோ அந்த வண்டியை எடுத்துட்டுப் போ."

"ஐயோ, இதென்ன கழுத்துல இத்தனை போல்ட்டு? சுளுக்கா?"

திருப்புளியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருகைத் திருப்பும் ஆலன் கீ ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். முதலில் பக்கவாட்டு போல்ட்டைத் தளர்த்த வேண்டும், பிறகு இதைத் தளர்த்தி எதிரே இருப்பதை இறுக்க வேண்டும், ஒரு தடவைக்கு அரை டிகிரிதான், கடைசியில் பக்கவாட்டை மறக்காமல் இறுக்க வேண்டும் என்று இரண்டு தடவை செய்து காட்டினாள். மூன்றாவது தடவை பார்சல்காரியையே செய்யவைத்தாள். எது சரி என்று இவள் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு நேரமில்லை.

டயர் நாலு நாளில் வந்துவிட்டது. பார்சல்காரி வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. "வண்டி போச்சு" என்றார் கணவர். இரண்டு வாரம் ஆயிற்று. இருபதாம் நாள் வந்து இறங்கினாள். கையில் ஒரு டெலிவரிச் சீட்டு. அதன் முதுகு முழுக்க எண்கள், அடித்தல் திருத்தல்.

"மன்னிச்சுக்கோங்கக்கா, குடுக்க மனசே வரலை. மொதல்ல இருபத்தாறுல வெச்சேன், சந்துல திருப்ப உயிர் போச்சு. இருபத்து மூணரைக்குக் கொண்டுபோனேன், மேம்பாலத்துல பேய் புடிச்ச மாதிரி ஆடுது. இப்ப இருபத்து நாலரை. பெட்டி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, நான் நெனைச்ச பக்கம் திரும்புது. ஒம்போது நாளா நான் இதைத் தொடவே இல்லை."

"அப்படியா? இன்னும் கால் டிகிரி வேணும்னா…"

"தொடாதீங்க!" பார்சல்காரி கழுத்தின்மேல் கையை வைத்து மறைத்தே விட்டாள். "இனிமே யாரும் இதைத் திருகக் கூடாது. அந்த போல்ட்டையெல்லாம் பிடுங்கிட்டு, இப்படியே பத்தவெச்சுக் குடுத்துடுங்கக்கா. நான் வாங்கிக்கறேன்."

திருப்புளியக்கா சட்டென்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

பதினெட்டு வருடமாக அவள் கேட்டுப் பழகிய பேச்சு அது. திருகு வைத்த கால் சோதனைக் கால்தான். ஆளை அதில் நடக்கவிட்டு, படியேறவிட்டு, வலிக்கிற இடத்தைக் கேட்டுக் கேட்டுத் திருகுவார்கள். என்றாவது ஒருநாள் அந்த ஆள், போதும் தொடாதே என்பார். அன்றே அந்த அளவுகளை எடுத்து, திருகே இல்லாத நிரந்தரக் கால் ஒன்றைச் செய்து மாட்டிவிட்டு, சோதனைக் காலை அடுத்தவருக்காக அலமாரியில் வைப்பார்கள். உலகத்தில் யாரும் சோதனைக் காலை விலைபேசியதில்லை. மூன்று வருடமாக அவள் அதைத்தான் விலைபேசிக்கொண்டிருந்தாள்!

"என்னக்கா, ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லம்மா. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தே நீ?"

"பார்சல் குடுக்கத்தான்."

அன்றிலிருந்து அந்த வண்டி விற்பனைக்கு இல்லை. அது இரவல் வண்டி. வாங்க நினைப்பவர் மூன்று வாரம் ஓட்டலாம், இஷ்டப்படி திருகலாம். தொடாதே என்று சொல்லும் நாளில் அளவு எடுக்கப்படும்.

பார்சல்காரிக்கான வண்டிச் சட்டத்தை இருபத்து நாலரை டிகிரியில் அவளே பற்றவைத்தாள். முதல் சட்டத்தைச் சுவரோரம் நிறுத்தி, ஜாக்கி வைத்து நெம்பினாள். கழுத்து இணைப்பில் விரிசல் விட்டது. இரண்டாவது சட்டம் தாங்கியது. ஆனாலும் அவளுக்குத் திருப்தியில்லை, அதையும் அறுத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. மூன்றாவதை நெம்பியபோது ஜாக்கியின் கைப்பிடிதான் வளைந்தது. அதே கையோடு, அதே மாதிரி நாலாவது சட்டத்தைச் செய்து, அதில் வண்டியைக் கட்டினாள். இணைப்புகள் பார்க்க லட்சணமாக இல்லை. ஒரே கனத்தில், கட்டெறும்பு வரிசை போனதுபோல மேடுமேடாக இருந்தன. தேய்த்து மழுப்பலாமே என்றார் கணவர். "தேய்ச்சா அழகு வரும், பலம் போகும்" என்று விட்டுவிட்டாள்.

வருடத்தின் பதினொன்றாவது மாதம் ஆய்வாளர் படிவத்தைப் பார்த்தார். கட்டத்தில் ஒரே ஒரு எண். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இப்ப மட்டும் எப்படிம்மா ஒரே எண் வந்துது?"

"ஓட்டறவங்க சொன்னாங்க சார்."

"அப்ப அடுத்த வண்டிக்கு?"

"அதை ஓட்டறவங்க சொல்லுவாங்க. வேற எண்ணா இருக்கும்."

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு படிவமா? எனக்கு வேலை வைக்கணும்னே கங்கணம் கட்டிட்டு வந்திருக்கீங்க." சலித்துக்கொண்டாலும் வண்டியை ஓட்டிப் பார்த்து, பிரேக்கைச் சோதித்து, இணைப்புகளைச் சுத்தியலால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். முத்திரை விழுந்தது.

மேலாளருக்கு அவளே கூப்பிட்டுச் சொன்னாள். "நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்."

அதன்பிறகு வருடத்துக்கு ஐந்து வண்டி, எட்டு வண்டி என்று போயிற்று. யார் அவசரப்படுத்தினாலும் இரவல் வண்டியில் மூன்று வாரம் ஓட்டாமல் அவள் அளவு எடுக்கமாட்டாள். இரட்டைநாடிக் கொத்தனார் ஒருவர் இருபத்தாறே காலில் நின்றார். ஓட்டுநர் பயிற்சி கொடுக்கும் பெண் இரண்டு மாதம் திருகிவிட்டு, கடைசியில் தன் பழைய வண்டியின் அளவுக்கே வந்து சேர்ந்தாள். "அப்ப உனக்கு வண்டி வேண்டாம்மா, இருக்கறதே போதும்" என்று அவளை அனுப்பிவைத்தாள் திருப்புளியக்கா. கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பற்றவைத்து முடித்த ஒவ்வொரு எண்ணையும் பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. தம்பி அவ்வப்போது கூப்பிடுவான். சாப்பாடு, உடம்பு, மாமாவின் கடை எல்லாம் பேசுவான். வண்டியைப் பற்றி அவனும் எடுக்கமாட்டான், அவளும் எடுக்கமாட்டாள்.

அவன் போய் ஏழு வருடம் கழித்து, ஒரு மத்தியானம், அவள் முப்பத்தெட்டாவது சட்டத்துக்குக் குழாய் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். முதலில் ஒரு படம். அளவுத் தட்டு, அதில் முள், உப்புக்காற்றில் துருவேறி ஒன்றோடொன்று இறுகிப்போன போல்ட்டுகள். அடியில் தம்பியின் செய்தி:

"அக்கா, நேத்து துறைமுக வாசல்ல ஒரு வண்டி நின்னுது. வெல்டிங்கைப் பாத்ததுமே உன்னோடதுன்னு தெரிஞ்சுபோச்சு, உலகத்துல வேற யாரும் எறும்பை வரிசையா நிக்கவெச்சு ஒட்ட மாட்டாங்க. ஓட்டிட்டு வந்தவர்கிட்ட விசாரிச்சேன். மூணு வாரக் கதையெல்லாம் சொன்னார். இங்க கடலோர ரோடு, நேரா போகும், பக்கக் காத்து ஆளையே தள்ளும். வந்த மூணாவது வாரமே திருகிட்டேன், அப்புறம் தொடவே இல்லை. இப்பத் தொட்டாலும் அசையாது. எழுதுறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல. இருபத்தேழே கால். அந்த அளவுல ஒண்ணு பத்தவெச்சுக் குடு. வரிசையில நான் எத்தனாவது ஆளு?"