கேட்காமலே தெரிந்துகொள்ளும் படிவம்

துனிசியக் கடலோரத்திலிருக்கும் எங்கள் ஊர் ஜர்ஜிஸில் நௌஃபலைக் கெட்டிக்காரன் என்று சொல்லாதவர்கள் இல்லை. நானும் அவனும் ஒரே வகுப்பு. கணக்கில் அவன் முதல் ஆள், நான் அவன் நோட்டைப் பார்த்து எழுதியே தேறியவள். அவன் தலைநகர் துனிஸுக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்து, அரசு அலுவலகங்களுக்கு இணையப் படிவம் செய்து கொடுக்கும் கம்பெனியில் பெரிய ஆளாகிவிட்டான். நான் துறைமுகச் சாலையில் இன்டர்நெட் கடை வைத்து, ஊராருக்கு அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிறேன். அதனால் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கோபமும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

அவனைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பதினோரு வயதிருக்கும்போது, அவன் அம்மா இலவச சிகிச்சை அட்டைக்கு எழுதிக் கொடுக்கப் போனாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏழு பக்கக் காகிதம். குமாஸ்தா ஒவ்வொரு கேள்வியாக உரக்கப் படித்தான். டிராக்டர்? இல்லை. கிணறு? இல்லை. ஒட்டகம்? இல்லை. ஒலிவ மரம் எத்தனை? இல்லை. பின்னால் நின்ற வரிசை சிரிக்க ஆரம்பித்தது. குமாஸ்தாவுக்கும் குஷி வந்துவிட்டது. "அம்மா, வீட்டுல நீயாவது இருக்கியா?" என்று கேட்டானாம். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற நௌஃபல் அதை மறக்கவே இல்லை.

அதனால்தான் அதே சிகிச்சை அட்டையை இணையத்துக்கு மாற்றும் வேலை அவன் கம்பெனிக்கு வந்தபோது, கெஞ்சிக் கேட்டுத் தானே எடுத்துக்கொண்டான். முடித்ததும் ஊருக்கு வந்து முதலில் என் கடையில்தான் அதைத் திறந்து காட்டினான்.

"நிலம் இருக்கான்னு கேக்குதா? இல்லைன்னு தட்டு ஸல்வா."

தட்டினேன். கிணறு, டிராக்டர், ஒலிவ மரம் எல்லாம் திரையிலிருந்து மறைந்துவிட்டன.

"எங்கடா போச்சு?"

"எங்கேயும் போகல. உனக்கு வேண்டாதது உன் கண்ணுல படாது. நீ சொல்ற பதிலைப் பார்த்துதான் அடுத்த கேள்வி வரும். ஆளுக்கு ஆள் மாறும். யாரையும் ஒரு கேள்விகூட அதிகமாக் கேக்காது. சிலதைக் கேக்காமலே தெரிஞ்சுக்கும்."

பொய் சொல்வானேன், எனக்குப் புல்லரித்தது. அரை நாள் தின்கிற வேலை கால் மணியில் முடிந்தது. கிழவிகள் அவனை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

பிறகு அவன் தங்கை மப்ரூக்கா வந்தாள்.

மப்ரூக்காவின் புருஷன் ரிதா நான்கு வருஷத்துக்கு முன் பத்தொன்பது பேரோடு படகேறி இத்தாலிக்குப் புறப்பட்டவன். அதற்குப் பிறகு ஒரு ஃபோன் இல்லை, உடலும் ஒதுங்கவில்லை. எங்கள் ஊரில் இப்படிப் போனவர்களுக்குத் துக்கம் கேட்க யாரும் போவதில்லை. உடலைப் பார்க்காமல் செத்தான் என்று சொல்வது அவனைக் கொல்வதற்குச் சமம். "எப்படியிருக்கான்?" என்று கேட்போம். "இத்தாலியில இருக்கான்" என்பார்கள். தலையாட்டிவிட்டு வருவோம். ரிதாவின் அப்பா ஹாஜி பெல்காஸெம் நாற்பது வருஷம் கடலில் கிடந்தவர். காற்றை முகர்ந்தே நாளைய அலையைச் சொல்வார். அவரே மகன் இத்தாலி ஜெயிலில் இருக்கிறான் என்று சாதிக்கும்போது யார் எதிர்த்துப் பேசுவது? மப்ரூக்கா அவர் வீட்டில்தான் இருந்தாள், ஒன்பது வயது மகள் ஸிரீனோடு.

ஸிரீனுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் நாலு தடவை ஊசி. அந்த மாதக் கடைசியோடு பழைய அட்டை காலாவதி. புது அட்டை இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் இலவச மருந்து கிடையாது. காசு கொடுத்து வாங்க, தையல் மெஷினில் முதுகொடியும் மப்ரூக்காவால் முடியாது.

"உங்க அண்ணன் செஞ்சதுதானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்," என்று வாயை விட்டேன்.

மணமானவர் என்று தட்டினேன். கணவர் எங்கே, உள்நாட்டிலா வெளிநாட்டிலா என்று கேட்டது. உள்நாடு என்றால் அவர் சம்பளச் சான்று கேட்டது. வெளிநாடு என்றால் அங்குள்ள முகவரி கேட்டது. எழுதாமல் நகரவில்லை. கடல் என்று எழுதலாமா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். விவாகரத்து என்றால் கோர்ட்டுக் காகிதம். விதவை என்றால் இறப்புச் சான்று. வெறுத்துப் போய் மணமாகாதவர் என்று தட்டினேன். பிள்ளைகளைப் பற்றிய பக்கமே மறைந்துவிட்டது. கல்யாணமாகாதவளுக்கு ஏது பிள்ளை என்று அதுவே முடிவு கட்டிவிட்டது.

"ஸிரீன் எங்க போனா?" என்றாள் மப்ரூக்கா.

மூன்று நாள் இப்படியே மல்லுக்கட்டினோம். மூன்றாம் நாள் நௌஃபலுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து வைத்தேன்.

"ஏண்டா, இதைச் செய்யும்போது உன் தங்கச்சியை ஒரு நிமிஷமாவது நினைச்சியா?"

"நினைக்காம? அவளுக்காகத்தானே வெளிநாட்டுலன்னு ஒரு பதிலே வெச்சேன்."

என்னால் நம்பவே முடியவில்லை. உலகத்துக் கணக்கெல்லாம் போடத் தெரிந்தவன், சம்பந்தி வீட்டு விருந்துகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய்யை அப்படியே படிவத்துக்குள் வைத்துத் தைத்திருக்கிறான்.

"முகவரி கேக்குதேடா. எந்த முகவரியை எழுத?"

"காணாமல் போனவர்னு ஒரு பதில் சேர்க்கணும்னா மேலிடத்துல கையெழுத்து வேணும். மாசக்கணக்காகும்," என்றான். "கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கு. விதவைன்னு போடுங்க. சான்றை அப்புறமாக் குடுக்கலாம்னு இங்கேருந்து தளர்த்தி விடறேன். அந்த அளவு என் கையில இருக்கு. ஸிரீனுக்கு மருந்து நிக்கக் கூடாது."

"நான் அதைத் தொட மாட்டேன்," என்றாள் மப்ரூக்கா.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் தட்டினேன். அந்தப் பாவம் என்னுடையது. தட்டியதும் புதிதாக ஒரு கட்டம் திறந்தது. கணவர் இறந்த தேதி.

"ஏதாவது ஒரு தேதி போடுங்க, அதை யாரும் சரி பார்க்க மாட்டாங்க," என்றான் நௌஃபல்.

மப்ரூக்கா திரும்பினாள். ஃபோனுக்கு வெகு பக்கத்தில் வந்து, நிதானமாகக் கேட்டாள்: "நீயே சொல்லுண்ணே. உன் மச்சானை எந்தக் கிழமை கொல்லலாம்?"

கடைசியில் ரிதா படகேறிய நாளையே நான் போட்டேன். பச்சை டிக் விழுந்தது. அவள் எழுந்து போனாள்.

ஒன்பதாம் நாள் அட்டை தயாரான செய்தி வந்தது. மப்ரூக்காவுக்கு வரவில்லை. விதவை என்றால் குடும்பத் தலைவர் மாமனார், செய்தி பதிவிலுள்ள அவர் எண்ணுக்குப் போக வேண்டும் என்று நௌஃபல் விதி எழுதி வைத்திருந்தான். ஹாஜிக்குப் படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் ஃபோனில் எது வந்தாலும் ஸிரீன்தான் படித்துச் சொல்வாள். அதில் அவளுக்கு ஏகப் பெருமை. அன்றும் பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிப்பது மாதிரி நின்று படித்தாளாம்: "தந்தையை இழந்த ஸிரீனின் சிகிச்சை அட்டை தயார். நேரில் பெற்றுக்கொள்ளவும்." யாரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. தாய் விதவை என்றால் பிள்ளை தந்தையை இழந்தவள் என்று படிவமே கணக்குப் போட்டுக்கொண்டது. அப்படிப் போடக் கற்றுக் கொடுத்தவன் அவன்.

ஹாஜி யாரையும் திட்டவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார் என்று கேள்விப்பட்டு நௌஃபல் அலறியடித்துக்கொண்டு வந்தான். தனியாகப் போக அவனுக்குத் தைரியம் இல்லை, என்னையும் இழுத்துக்கொண்டு போனான். நானும் குற்றவாளிதானே, போனேன். ஹாஜி முற்றத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸிரீன். மப்ரூக்கா தேநீர் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"ஹாஜி, நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான் நௌஃபல்.

"இரு தம்பி." அவர் ஃபோனை எடுத்து அவனிடம் நீட்டினார். "பிள்ளை சின்னவ, தப்பாப் படிச்சிருப்பா. நீ துனிஸ்ல படிச்சவன். நீ படி. எதுவா இருந்தாலும் நான் நம்பறேன்."

நௌஃபல் ஃபோனை வாங்கினான். திரையைப் பார்த்து உரக்கப் படித்தான்.

"ஸிரீனின் சிகிச்சை அட்டை தயார். நேரில் பெற்றுக்கொள்ளவும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ஹாஜி."

கிழவரின் முகம் விரிந்தது. "நான்தான் சொன்னேனே," என்று மப்ரூக்காவைப் பார்த்துச் சொன்னார். இரண்டு நாளில் முதல் தடவையாகத் தேநீரைக் கையில் எடுத்தார்.

ஸிரீன் எழுந்து வந்து நௌஃபலின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"மாமா," என்றாள், "முதல்ல ரெண்டு வார்த்தையை விட்டுட்டீங்க."