உடைந்த துடுப்பு

அப்போது மரக்காணம் உப்பளக் கரைகளில் விறகு வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கு பார்த்தாலும் வேலிக்காத்தான் மரம்தான். கருவேலம் அபூர்வம். அதன் பட்டை கறுத்து வெடித்திருக்கும், வெள்ளை முள் ஊசிபோல் நீண்டிருக்கும், வெட்டினால் உள்ளே கருஞ்சிவப்பு. தங்கச்சி புருஷனுக்கு அந்த மரத்தில்தான் துடுப்பு செய்துகொடுத்தேன். குப்பத்தில் வேறு யாரிடமும் கருவேலத் துடுப்பு இல்லை.

சுனாமி வந்த காலையில் அவர் கரையோரம் கட்டுமரத்தில் இருந்தார். உடல் கிடைக்கவில்லை. நாலாம் நாள் உப்புப் பாத்தியில் கிடந்த ஓர் உடைந்த கட்டையைத் தங்கச்சி தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இது அவரோட துடுப்பா பாரு."

சேற்றை வழித்துவிட்டுக் கத்தியால் சுரண்டினேன். கருவேலமேதான்.

"இல்லம்மா, இது வேலிக்காத்தான். வேற யாரோடதோ" என்றேன்.

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றரை வருஷம் அவருக்கும் சேர்த்தே உலை வைத்தாள். செத்தவர்கள் பட்டியலில் அவர் பெயரை எழுத விடவில்லை. தாங்க முடியாமல் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, ஊரோட சேர்ந்து நானும் அழுதிருப்பேனே அண்ணா" என்றாள்.

இப்போதும் நான் போனால் தண்ணீர் கொடுப்பாள். முகம் பார்த்துப் பேசுவதில்லை.