குங்குமம் வைத்த கார்டு

“இரண்டு பரிவர்த்தனைகளில் முதலாவது, கார்டை இயந்திரத்தின் அருகே காட்டிச் செய்யப்பட்டது. அந்த வசதியைத் தாங்களே இயக்கியுள்ளீர்கள். புகார் முடிக்கப்பட்டது.” வங்கியின் இந்தக் கடிதம் ஐப்பசி ஒன்பதாம் தேதி தபாலில் வந்தது. மூன்று முறை படித்தேன். அப்படி ஒரு வசதியை எங்கே இயக்குவது என்றே எனக்குத் தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். புரட்டாசிக் கடைசி வெள்ளியன்று காரைக்குடி மருந்துக்கடை ஒன்றில் சர்க்கரை மாத்திரை வாங்கினேன். கார்டு புதிது. வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் என் மனைவி குங்குமம் வைப்பாள். கார்டின் சிப் மேலேயே வைத்திருந்தாள். இயந்திரம் படிக்கவில்லை. பில் போடும் பெண் கார்டை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். இயந்திரம் ஒரு தடவை சத்தமிட்டது. ஏதோ பிழை என்று அவர் மறுபடி தொகையைப் போட, நான் கார்டைச் செருகி ரகசிய எண்ணை அழுத்தினேன். வீட்டுக்கு வந்து கணக்கைப் பார்த்தால், பணம் இரண்டு தடவை போயிருந்தது. “நான் ஒரு முறைதான் செலுத்தினேன்” என்று வங்கிக்கு எழுதினேன்.

பதில் வந்த அன்று மாலையே கடைக்குப் போனேன். அந்தப் பெண் பில் மேசையில் இல்லை. உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். நாந்தேன் ரெண்டு தடவ எடுத்தேன்னு எழுதிக் குடுத்தீகளாமே? பேங்க்லேர்ந்து போன் வந்துச்சு. இது தெளியாட்டி அடுத்த மாசம் வேலைக்கு வர வேணாம்னு மொதலாளி சொல்லிட்டாக.”

“நான் அப்படி எழுதலையேம்மா.”

“அப்ப இன்னொண்ணு யாரு எடுத்தா? குங்குமம் வாங்கின சாமியா? எல்லாத்தையும் டைரியில எழுதுறதாச் சொல்வீகள்ல, பாத்துச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து டைரியைப் பார்த்தேன். அன்றைய பக்கத்தில் “மாத்திரை. மாலையில் தூறல்” என்று மட்டும் இருந்தது.

வாடிக்கையாளர் கேட்காமல் அந்த வசதியை வங்கி திறந்துவிடக் கூடாது என்று, வங்கிகளை மேற்பார்வையிடும் அமைப்பின் விதி சொல்கிறது. அதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

“தொடச்சுக் குடுத்த பிள்ளைக்கு வேல போகப் போகுது. நீங்க விதி படிச்சுக்கிட்டு இருக்கீக” என்றாள்.

மறுநாள், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். குங்குமம் எங்களுடையது, அந்தப் பெண் உதவிக்குத் துடைத்தார், அப்போது கார்டு இயந்திரத்தை ஒட்டியிருந்திருக்கலாம், அவர்மேல் எனக்குப் புகார் இல்லை, வசதியை இயக்கியது யார் என்பதே என் கேள்வி. நகலைக் கடை முதலாளியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, உள்பக்கம் திரும்பி அந்தப் பெண்ணை பில் மேசைக்குக் கூப்பிட்டார்.

“இனிமே ரொக்கமாக் கொண்டாங்க சார்” என்றார் அந்தப் பெண், உட்காரும்போதே.

கைபேசியில் உள்ள வங்கிச் செயலி, அந்த வசதி இயக்கத்தில் இருப்பதாகவே காட்டுகிறது. கார்டு வந்த நாளில் ஏதேதோ கேள்விகளுக்கு வரிசையாகச் “சரி” அழுத்தினேன். அதில் இதுவும் இருந்ததா, வங்கியே திறந்துவிட்டதா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.