பெடலுக்கும் முழங்காலுக்கும் நடுவில்

நான் ஆறடி மூன்று அங்குலம். பெருமைக்குச் சொல்லவில்லை. சிட்னி டூங்கபியில் எங்கள் வீட்டுக் குசினி அலுமாரிக் கதவுகள் எல்லாவற்றிலும் என் நெற்றி பட்டிருக்கிறது. என் நண்பன் என்னைவிடச் சரியாக ஒரு அடி கட்டை. நாங்கள் இருவரும் சேர்ந்து வருவதைக் கண்டால் அவன் மனைவி, "ஏணியும் ஏணிக்காரனும் வருகினம்" என்பா.

தொண்ணூறுகளின் நடுவில் அவன் தன் கராஜில் ஒரு ஹொட்ரொட் கட்டிக்கொண்டிருந்தான். முப்பதுகளில் செய்த குட்டிக் கார் ஒன்றின் வெறும் கூட்டை வாங்கி, கூரையைத் தாழ்த்தி, அதற்குச் சற்றும் பொருந்தாத பெரிய எஞ்சினைப் பூட்டி, சிவப்பு அடித்திருந்தான். இரண்டே இருக்கை. ஆறு வருச வேலை. எல்லாம் அவனுடைய அளவுக்கு. கால் எட்டாததால் மூன்று பெடல்களுக்கும் நாலு அங்குல இரும்புத் துண்டு வைத்து, இருக்கைப் பக்கமாக நீட்டித் தானே ஒட்டியிருந்தான்.

முடிய ஒரு மாதம் இருக்கும்போது பக்கவாதம் வந்தது. மெல்லியதுதான் என்றார்கள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை கிடந்தான். பேச்சு திரும்பியது, நக்கலும் அதோடு சேர்ந்தே திரும்பியது. வலது கால் மட்டும் சரிவரவில்லை. இனிக் கார் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது "ஓம்" என்றான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், நீ ஓட்டு. நான் பக்கத்தில இருக்கிறன். ஒருக்காலெண்டாலும் அது ரோட்டில போகேக்க நான் உள்ளுக்க இருக்கவேணும்."

"நான் அதுக்குள்ள போகமாட்டனடா."

"போகப் பண்ணுவம்."

இறுக்கமான இடம் என்றால் எனக்கு நடுக்கம். லிஃப்டில் நாலு பேர் நின்றால் படியால் ஏறுகிற ஆள் நான். முதல் நாள் என்னை மடித்து உள்ளே வைத்தான். வலது முழங்கால் ஸ்டியரிங்கில் சிக்கியது. இடது முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வேர்த்து ஊற்ற, "கதவைத் திற, கதவைத் திற" என்று கத்தினேன். கதவு திறந்துதான் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு சனி, ஞாயிறும் எனக்கு இடம் உண்டாக்குவதே வேலை. அவன் கதிரையில் இருந்து கைத்தடியால் காட்டுவான், நான் வெட்டுவேன். இருக்கைக்குப் பின்னால் இருந்த பெற்றோல் டாங்கைக் கழற்றி டிக்கிக்குள் வைத்தோம். அந்த இடத்துத் தகரத்தை வெட்டிச் சாய்வை ஒரு சாண் பின்னால் தள்ளினோம். ஐந்து அங்குல மெத்தை இரண்டு அங்குலமானது. ஸ்டியரிங்கையும் சின்னதாக்கினோம். ஒவ்வொரு முறையும் நான் ஏறி இருக்க, அவன் என் முழங்காலுக்கு மேலே விரலை வைத்து அளந்தான். ஒரு விரல். ஒன்றரை விரல்.

பெடலைத் தவிர எல்லாவற்றையும் வெட்டினோம். ஒரு நாள் நான் குனிந்து அந்த இரும்புத் துண்டைத் தொட்டேன்.

"அதில கை வையாதை."

"சும்மா தூசு தட்டினனான்," என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் மனைவி ஏற்கனவே எனக்குச் சொல்லியிருந்தா: "அண்ணை, விடிய எழும்பிக் குசினி மேசையைப் பிடிச்சுக்கொண்டு அந்தக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார். பெடல் மிதிக்கிற மாதிரி." அன்றைக்குப் பிறகு நான் அந்தப் பக்கமே குனியவில்லை.

கடைசியில் முழங்காலுக்கு மேல் இரண்டு விரல் இடம் வந்தது. வெற்றி என்று தேத்தண்ணி குடித்தோம். அவன் வரைபடம் கீறுகிறவன், நான் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிறவன். அளவுதான் இருவருக்கும் சோறு போட்டது. அப்படிப்பட்ட இரண்டு பேர் அந்த அளவு முழுவதையும் வெறுங்காலில் எடுத்திருந்தோம். டாஷ்போர்டில் பிள்ளையாரை ஒட்டியிருந்தான்; சப்பாத்தோடு யாரும் காரில் ஏறக் கூடாது என்பது அவன் சட்டம். நானும் பக்தியோடு வாசலிலேயே கழற்றிவிட்டு வருவேன்.

முதல் ஓட்டம் வீட்டு முன்பாதையில். அன்று வேலையிலிருந்து நேரே, இரும்பு மூக்கு வைத்த சப்பாத்தோடு வந்திருந்தேன். அவனை இடது இருக்கையில் ஏற்றி முடிக்கவே அவன் மனைவிக்கும் எனக்கும் பத்து நிமிடம் போயிற்று. மழை தூறத் தொடங்கியது. நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க, அவனுக்குப் பொறுக்கவில்லை.

"விடு, சப்பாத்தோட ஏறு. பிள்ளையார் ஒருக்காப் பொறுப்பார்."

பிள்ளையார் பொறுத்தார். பெடல் பொறுக்கவில்லை. கார் அழகாக நகர்ந்தது. பிறேக்குக்குக் காலைத் தூக்கினேன்; சப்பாத்தின் மூக்கு பிறேக் தண்டின் கீழே செருகிக்கொண்டது. இழுத்தேன், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்து, கால் அக்சிலேட்டரில் விழுந்தது. எஞ்சின் உறுமியது.

"பிறேக்கைப் பிடி," என்றான் அவன், கடையில் பாண் வாங்கச் சொல்கிற குரலில்.

"கால் வருதில்லையடா."

நான் இந்துக் கடவுள்களில் தொடங்கி மாதாவரைக்கும் போய்விட்டேன். அவன் எட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். கார் குப்பைத்தொட்டியை மெல்ல முட்டி நின்றது. அவன் மனைவி வந்து என் தோளைத் தட்டினா.

"அண்ணை, கார் நிண்டுட்டுது. இனிக் கத்தவேண்டாம்."

காலை ஒருவழியாக இழுத்து எடுத்தேன்.

"நான் மெல்லிய சப்பாத்து ஒண்டு வாங்கிறன்," என்றேன்.

அவன் என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "எவ்வளவு வேணும் உனக்கு?"

"நாலு அங்குலம்."

"அது என்ர நாலு அங்குலம்."

"ஓம்," என்றேன். "வேணுமெண்டால் இன்னும் கொஞ்சம் மெத்தையை..."

"மெத்தையில என்ன கிடக்கு இனி வெட்ட. கிறைண்டரை எடு."

நானும் அவன் மனைவியும் காரைத் தள்ளிக் கராஜ் வாசலுக்குக் கொண்டுவந்தோம். டாஷ்போர்டுக்குக் கீழே என்னால் தலையே நுழைக்க முடியாது. அவன் கட்டை, மல்லாக்கப் படுத்து உள்ளே போனான். தரை வழுக்கியதால் வலது கால் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. நான் கராஜ் வாசலில் முழங்காலில் நின்று அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூன்று பெடல்களையும் அவனே கிறைண்டரால் அறுத்தான். மிதிக்கிற தகடுகளை வெட்டிய இடத்திலேயே திருப்பி ஒட்டினான். பொறி பறந்தது. முழு நேரமும் என்னைத்தான் திட்டினான், கொம்மா உனக்கு என்ன தந்து வளர்த்தவ என்று.

சப்பாத்தோடு ஏறி இருந்தேன். கால் பெடல் விட்டுப் பெடலுக்குத் தாராளமாகப் போனது.

"எப்படி?"

"காணும்," என்றேன்.

காருக்குப் பதிவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை பிளாக்டவுன்வரை போனோம். கிளச்சை மெல்ல விடு, கியரை அடிக்காதை என்று வழி முழுக்கப் பேச்சு. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவன் தன் வலது தொடையில் கையை வைத்து, அந்தக் காலை ஒன்றுமில்லாத தரையில் அழுத்தினான். நான் கண்டும் காணாதவன்போல ரோட்டைப் பார்த்தேன். அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே அதுவே எனக்குப் பெரிய வேலையாகத்தான் இருந்தது.